சிங்கப்பூரில் டிரோன் படமெடுத்துச் சம்பாதிக்க: உரிமம் முதல் மாதாந்தர ஒப்பந்தம் வரை

எந்த டிரோன் வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் பலரும் இந்தத் தொழிலுக்குள் வருகிறார்கள். சிங்கப்பூரைப் பொறுத்தவரை அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். டிரோனை ஒரே மாலையில் வாங்கிவிடலாம். அதைப் பறக்கவிட்டுக் காசு வாங்குவதற்கான அனுமதி அவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. அதனால்தான் அனுமதியோடு வந்து நிற்பவருக்கு இங்கே மதிப்பு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரினா பே சூரிய அஸ்தமனத்தை வானிலிருந்து அழகாக எடுத்துக் காட்டினால் பாராட்டு நிறைய வரும், பணம் வராது. ஒரு பொறியாளருக்குச் சுவர் விரிசலைக் காட்டும் படத்துக்கும், ஒரு கட்டுமானத் தளத்தை மாதாமாதம் ஒரே கோணத்தில் காட்டும் படத்துக்கும் பணம் வரும். அழகான படங்களை நானும் விரும்பி எடுக்கிறவன்தான். ஆனால் இதை வைத்து வீட்டு வாடகை கட்ட வேண்டுமென்றால் கட்டடங்கள் பக்கம் போங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் திசையில்தான் போகும்.

முதலில் உங்கள் பாஸைப் பாருங்கள்

நம்மவர்களில் பலர் வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் ஆகியவற்றில் இருப்பவர்கள். அந்தப் பாஸ் உங்களை ஒரு குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமே அனுமதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பர் கல்யாணத்துக்கு டிரோன் பறக்கவிட்டு 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குவதுகூட அனுமதியில்லாத வேலை. டிரோன் விதிமீறல் ஒரு பக்கம் இருக்க, மனிதவள அமைச்சின் நடவடிக்கை இன்னொரு பக்கம் வரும். பாஸ் போய், ஊர் திரும்ப வேண்டிய நிலைகூட வரலாம். தயவுசெய்து வேண்டாம்.

அதற்காகக் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. நீங்கள் கட்டுமான நிறுவனத்திலோ, சர்வே நிறுவனத்திலோ, பராமரிப்பு நிறுவனத்திலோ வேலை பார்க்கிறீர்கள் என்றால் முதலாளியிடம் பேசிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் அனுமதி எடுத்து, உங்கள் வேலையின் ஒரு பகுதியாக நீங்கள் பறக்கலாம். தளத்தைத் தெரிந்த ஆள் டிரோனும் ஓட்டினால் முதலாளிக்கும் லாபம்தான். சம்பளப் பேச்சில் அதற்கு இடம் உண்டு.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சொந்தமாகத் தொடங்கலாம். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தனி உரிமையாளராகப் பதிவு செய்ய ஓராண்டுக்கு 115 வெள்ளி, தனியார் நிறுவனமாகப் பதிவு செய்ய 315 வெள்ளி. இந்தத் தொழிலில் இரண்டாவதையே யோசிக்கச் சொல்வேன். தனி உரிமையாளர் என்றால் தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். ஒரு கிலோ எடையுள்ள பொருளை மற்றவர் தலைக்கும் காருக்கும் மேலே பறக்கவிடும் தொழிலில் அந்த வித்தியாசம் சின்னதல்ல.

250 கிராம் பற்றிய தவறான நம்பிக்கை

"என்னுடையது 249 கிராம்தான், எதுவும் தேவையில்லை" என்று நம்பிக்கையோடு சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த எடைக் கணக்கு பதிவுக்கானது. 2020 முதல் 250 கிராமுக்கு மேலான எந்த டிரோனையும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்து, பதிவு ஒட்டியை அதன்மேல் ஒட்டிய பிறகே பறக்கவிட வேண்டும். பதிவில்லாமல் பறந்தால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பொழுதுபோக்கு, கல்வி தவிர வேறு நோக்கத்துக்காகப் பறந்தால் கதை வேறு. அங்கே எடையே பேச்சில்லை. 249 கிராம் டிரோனை வைத்து ஒரு தரைவீட்டை (அடுக்குமாடியில்லாத தனிவீடு) படமெடுத்துச் சொத்து முகவரிடம் காசு வாங்கினாலும் அது தொழில்முறைப் பறப்பு. அதற்கு மூன்று தாள்கள் வேண்டும்.

முதலாவது, டிரோன் ஓட்டுநர் உரிமம். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஆணையம் அங்கீகரித்த பயிற்சி, மதிப்பீட்டு நிறுவனங்கள் இவற்றை நடத்துகின்றன. சில பயிற்சிகளுக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையைப் பயன்படுத்த முடியும். சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வில் கேமராவைப் பற்றி எதுவும் வராது. வான்வெளி, வானிலை, சட்டம், மின்கலம், அவசர நடைமுறை இவைதான். படமெடுக்கத் தெரிந்தவர்கள் சறுக்குவது இங்கேதான். செய்முறையில் ஜிபிஎஸ் உதவியில்லாமல் டிரோனைக் கட்டுக்குள் வைக்கப் பழகியவருக்குப் பயமில்லை.

இரண்டாவது, இயக்குநர் அனுமதி (ஆபரேட்டர் பெர்மிட்). இது உங்கள் தொழிலுக்கானது. நிறுவனமோ தனிநபரோ பாதுகாப்பாக டிரோன் இயக்கத் தகுதி உள்ளவர்தானா என்று ஆணையம் எடைபோடுகிறது. செயல்முறைக் கையேடு, ஆபத்து மதிப்பீடு, பராமரிப்புப் பதிவு, அவசரத்தில் யார் என்ன செய்வார் என்ற திட்டம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொருவர் கையேட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுக்க ஆசை வரும். செய்யாதீர்கள். உங்கள் டிரோன், நீங்கள் போகும் இடங்கள், உங்களோடு வரும் ஆட்கள் இவற்றை வைத்து எழுதினால் அந்தக் கையேடே பின்னாளில் கட்டுமானத் தளப் பாதுகாப்பு அதிகாரியிடம் உங்களுக்காகப் பேசும்.

மூன்றாவது, முதல் வகை நடவடிக்கை அனுமதி. எந்த இடம், எந்தத் தேதிகள், எவ்வளவு உயரம், எதற்காக என்பதைக் குறிப்பிட்டு வாங்குவது. வாடிக்கையாளர் "நாளைக்கு வர முடியுமா?" என்று கேட்டால் முடியாது என்று சொல்ல வைப்பது இதுதான். சில வாரங்கள் கையில் வைத்துக்கொண்டுதான் தேதி கொடுக்க வேண்டும்.

இவற்றோடு, 2025 டிசம்பர் 1 முதல் 250 கிராமுக்கு மேலான டிரோன்கள் வெளியில் பறக்கும்போது தங்கள் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் தொலை அடையாள வசதியைக் கொண்டிருக்க வேண்டும். பழைய டிரோனை மலிவாக யாராவது விற்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அனுமதியில்லாமல் பறப்பவருக்கு முதல் குற்றத்துக்கே 50,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்பவர்கள் 2019 ஜூனை நினைத்துக்கொள்ளலாம். சாங்கி விமான நிலையம் அருகே அனுமதியின்றிப் பறந்த டிரோன்களால் ஒரே இரவில் 37 விமானச் சேவைகள் தாமதமாயின. இந்த விதிகளை நான் குறை சொல்லமாட்டேன். சின்னத் தீவு இது. தலைக்கு மேல் எப்போதும் விமானம் போய்க்கொண்டிருக்கிறது.

வரைபடமும் உயரமும்

சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்கள், பாய லேபார், தெங்கா, செம்பவாங் விமானப்படைத் தளங்கள் ஒவ்வொன்றையும் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். ஈசூன், தெம்பனிஸ், ஹவ்காங், சுவா சூ காங் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அந்த வட்டங்களோடு தடைசெய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட, அபாயப் பகுதிகளும் இருக்கின்றன. இவற்றில் பொழுதுபோக்குக்குப் பறக்கவும் அனுமதி வேண்டும். தொழிலுக்கு என்றால், நீங்கள் கேட்கும் இடத்தைப் பொறுத்து மற்ற அமைப்புகளும் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும், நாள் கூடும், மறுக்கப்படவும் கூடும். விலை சொல்வதற்கு முன் அரசின் இணைய வரைபடமான ஒன்மேப்பைத் திறந்து முகவரியைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உயரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் என்ற எல்லை கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது, நீங்கள் நிற்கும் தரையிலிருந்து அல்ல. புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர். அங்கே நின்று டிரோனைத் தரையிலிருந்து கிளப்பினாலே எல்லையைத் தாண்டியாகிவிட்டது. மேட்டுப்பாங்கான பகுதியில் உள்ள தரைவீட்டுக்கு வேலை எடுக்கும்போது இதைக் கணக்கில் எடுங்கள்.

60 மீட்டர் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் ஏறக்குறைய 21ஆவது மாடி. பினாக்கிள்@டக்ஸ்டன் 50 மாடி. ஆக, உயரமான கட்டட வேலை என்றால் நடவடிக்கை அனுமதியிலேயே தேவையான உயரத்தைக் காரணத்தோடு கேட்டுப் பெற வேண்டும். 40 மாடிக் கட்டடத்துக்கு விலைப்புள்ளி கொடுத்துவிட்டு 60 மீட்டருக்கு மட்டும் அனுமதி வாங்கிப் போனால் பாதிக் கட்டடம் படத்தில் இருக்காது.

விமான ஆணையத்தின் தாள் கையில் இருந்தாலும் தரையில் கால் வைக்க இன்னொருவர் சம்மதம் வேண்டும். கூட்டுரிமை வீட்டில் (கொண்டோ) நிர்வாக மன்றம், வீவக பேட்டையில் நகர மன்றம், பூங்காவில் தொழில்முறைப் படப்பிடிப்பு என்றால் தேசியப் பூங்காக் கழகம். உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பாதுகாக்கப்பட்ட இடங்கள் உங்கள் படத்தின் ஓரத்தில்கூட விழக்கூடாது. பக்கத்து நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் கோணம் வைக்க வேண்டும்.

பணம் உள்ள இடம்: கட்டட முகப்புகள்

2022 ஜனவரி 1 முதல் கட்டட, கட்டுமான ஆணையம் முகப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 20 ஆண்டைக் கடந்த, 13 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்கள் 7 ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சுவரைச் சோதிக்க வேண்டும். தரைவீடுகளுக்கு இது இல்லை. மேலிருந்து பூச்சோ ஓடோ பெயர்ந்து கீழே போகிறவர் தலையில் விழக்கூடாது என்பதே காரணம். யோசித்துப் பாருங்கள், 2006இல் கட்டி முடித்த கட்டடம் 2026இல் இந்தக் கணக்குக்குள் வருகிறது. அடுத்த ஆண்டு 2007 கட்டடங்கள். வேலை வந்துகொண்டே இருக்கும்.

சோதனை செய்து கையெழுத்திடுபவர் நீங்கள் அல்ல. தொழில்முறைப் பொறியாளர் அல்லது பதிவுபெற்ற கட்டடக் கலைஞர்தான் அதைச் செய்ய முடியும். எனவே உங்கள் வாடிக்கையாளர் கட்டட உரிமையாளரைவிட அந்தப் பொறியாளர் அலுவலகம்தான். ஒரு அலுவலகம் உங்களை நம்பிவிட்டால் கட்டடம் கட்டடமாக வேலை வரும். சுவரைத் தட்டிப் பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும் கயிற்றிலோ தொங்குமேடையிலோ ஆள் இறங்கத்தான் வேண்டும். டிரோன் அந்த ஆளுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று காட்டுகிறது. "டிரோன் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை" என்று விளம்பரம் செய்யாதீர்கள். பொறியாளர்கள் அதைக் கேட்டதும் உங்களை ஒதுக்கிவிடுவார்கள்.

இந்த வேலையில் தரம் என்பது கணக்கு. 4/3 அங்குலச் சென்சார், 20 மெகாபிக்சல், 24 மில்லிமீட்டருக்குச் சமமான லென்ஸ் உள்ள டிரோனைச் சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்தினால் ஒரு பிக்சல் சுவரில் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டரைக் காட்டும். ஒரு படம் ஏறக்குறைய 7 மீட்டர் அகலச் சுவரைப் பிடிக்கும். 10 மீட்டருக்குப் போனால் பிக்சலுக்கு 2.7 மில்லிமீட்டர். மயிரிழை விரிசல் இதில் தெரியாது. பொறியாளர் எந்த அளவு விரிசலைப் பார்க்க விரும்புகிறார் என்று முதலில் கேட்டு, அதிலிருந்து தூரத்தையும் லென்ஸையும் முடிவு செய்யுங்கள். நெருங்க முடியாத இடத்துக்கு டெலி லென்ஸ் உள்ள மாடல் கைகொடுக்கும்.

சுவரை மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தியிலும் மாடி மாடியாக எடுங்கள். அடுத்தடுத்த படங்கள் கணிசமாக ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கோப்பின் பெயரிலேயே திசை, பத்தி, மாடி மூன்றும் இருக்கட்டும்: "கிழக்கு, பத்தி 4, மாடி 12" என்பதுபோல. ஆயிரம் படங்களை எண் வரிசையில் மட்டும் கொடுப்பவரையும் இப்படிக் கொடுப்பவரையும் பொறியாளர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அவருக்கு நீங்கள் மிச்சப்படுத்தும் நேரத்துக்குத்தான் காசு.

வெளிச்சத்துக்கு ஒரு குறிப்பு. கிழக்குச் சுவருக்குக் காலை, மேற்குச் சுவருக்கு மாலை என்பது எல்லாருக்கும் தெரியும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடக்குச் சுவருக்கு ஆண்டின் நடுப்பகுதியில் வெயில் படும், தெற்குச் சுவருக்கு டிசம்பர் ஒட்டிய மாதங்களில். விரிசல் பார்க்க மேகமூட்டமான நாளின் சீரான வெளிச்சமே நல்லது. உச்சி வெயிலில் ஒவ்வொரு சன்னல் விளிம்பும் கீழே ஒரு கறுப்புக் கோடு போடும். அதை விரிசலிலிருந்து பிரித்துப் பார்ப்பதே தனி வேலை.

அடுக்குமாடிகளுக்கு இடையே ஜிபிஎஸ் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பும், டிரோன் தன் இடத்தைத் தவறாக நினைத்துக்கொள்ளும். கூரையில் உள்ள இரும்பு திசைகாட்டியைக் குழப்பும். கட்டட மூலைகளில் காற்று திடீரெனத் திசை மாறும். ஆகவே சுவர் வேலையில் பார்வையாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒருவர் திரையைப் பார்க்கும்போது இன்னொருவர் டிரோனைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் கூலியையும் விலையில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், சன்னலுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. சில நாள்களுக்கு முன்பே மின்தூக்கி முகப்பில் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அறிவிப்பு ஒட்டச் சொல்லுங்கள்: தேதி, நேரம், எதற்காக, தொடர்பு எண், திரைச்சீலையை மூடிவைக்கும்படி ஒரு வேண்டுகோள். அடையாளம் தெரியும் முகம் பதிவானால் அது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். முகங்களை மங்கலாக்கிக் கொடுப்பது, வேலை முடிந்தபின் மூலக்கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று எழுதிக் கொடுப்பது, இரண்டும் உங்கள் வழக்கமாகட்டும். வீட்டுக்குள் பார்க்கிறார்களோ என்ற அச்சம் நியாயமானது. அதை மரியாதையோடு நடத்துங்கள்.

கட்டுமானத் தளங்கள்

மாதாந்தர வருமானத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு கட்டடம் எழும்ப இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அத்தனை மாதமும் முன்னேற்றப் படம் வேண்டும். இங்கே நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. தளங்களில் மேற்பார்வையாளர்கள், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர்கள், பொறியாளர்கள் எனத் தமிழர் ஏராளம். "தம்பி, நாளைக்குக் காலையில கான்கிரீட் ஊத்துறோம், பத்து மணிக்கு மேல வா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி வந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

வேலையின் சாரம் மாறாமை. முதல் மாதம் ஐந்தாறு புள்ளிகளைத் தேர்ந்து அவற்றின் இடம், உயரம், கேமராக் கோணம் எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். அடுத்த மாதம் அதே புள்ளி, முடிந்தவரை அதே நேரம். பன்னிரண்டு மாதப் படங்களைத் தொடுத்துக் காட்டும்போது கட்டடம் வளர்வது மட்டும்தான் தெரிய வேண்டும். நேர்கீழாக எடுத்த படங்களை ஒட்டி அளவெடுக்கக்கூடிய வரைபடமாகவும் கொடுக்கலாம். அதற்கு முன்பின் 75 முதல் 80 விழுக்காடும் பக்கவாட்டில் 60 முதல் 70 விழுக்காடும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பிக்ஸ்4டி, மெட்டாஷேப் போன்ற மென்பொருள்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சட்டப்பூர்வ எல்லை அளவை என்பது பதிவுபெற்ற நில அளவையாளரின் வேலை. அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

கோபுரக் கிரேன் இயங்கும் நேரத்தைப் பளு தூக்கும் மேற்பார்வையாளரிடம் கேட்டு, அவர் நிறுத்தித் தரும் இடைவெளியில் பறப்பதே முறை. தளக் கூட்டம் எந்தக் கிழமை என்று கேட்டு, அதற்கு முந்தைய நாளே படங்கள் போய்ச் சேர வேண்டும். கூட்டம் முடிந்தபின் வரும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருக்கும் வேண்டாம்.

வீடு விற்பனை, கோயில், ஸ்டாக் படங்கள்

சொத்து முகவர்கள் வேலை தருவார்கள், ஒரு வீட்டுக்கு ஒரு முறை, குறைந்த விலையில். அனுமதி வாங்கும் செலவை வைத்துப் பார்த்தால் தனி ஒரு தரைவீட்டுக்குப் பறப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஒரே வட்டாரத்தில் பல வீடுகள் வைத்திருக்கும் முகவரோடு சேர்த்துப் பேசினால் பரவாயில்லை. பக்கத்து மின் நிலையத்தையோ நெடுஞ்சாலையையோ படத்திலிருந்து அழிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முகவர் பதில் சொல்லியாக வேண்டும், உங்கள் பெயரும் கெடும்.

தைப்பூசம், தீமிதி, தீபாவளி ஒளியூட்டு என்று கேட்டு வருவார்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் போகும் காட்சியை மேலிருந்து எடுக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கூட்டத்தின் தலைக்கு மேல் டிரோன் கூடாது. கும்பாபிஷேகத்தில் டிரோனிலிருந்து பூத்தூவித் தர முடியுமா என்பது இன்னொரு கேள்வி. டிரோனிலிருந்து எதையாவது கொட்டுவது தனி அனுமதிக்கு உட்பட்டது, கீழே பக்தர்கள் நிற்கும்போது நான் அதைக் கேட்கக்கூட மாட்டேன்.

கோயில்களில் வேறொரு நல்ல வேலை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடக்கிறது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கும்பாபிஷேகம் 2023 பிப்ரவரியில் நடந்தது. 1973 முதல் அது தேசிய நினைவுச்சின்னம். இப்படிப்பட்ட கோயில்களின் ராஜகோபுரச் சுதைச் சிற்பங்களைத் திருப்பணிக்கு முன்பும் பின்பும் நிலை நிலையாகப் பதிவு செய்து கொடுத்தால் ஸ்தபதிக்கும் நிர்வாகத்துக்கும் அது ஆவணம். ஒரு பொம்மையின் விரல் முன்பு எப்படி இருந்தது, என்ன வண்ணம் என்று அடுத்த தலைமுறை பார்க்கலாம். சாரம் கட்டும் முன் ஒரு காலை நேரம் போதும். நம் சமூகத்துக்குள்ளேயே இருந்தும் யாரும் அதிகம் கேட்டுப் பெறாத வேலை இது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

நம் படங்களை இணையத்தில் விற்றுத் தரும் ஸ்டாக் தளங்களில் அடோபி படத்துக்கு 33 விழுக்காடும் காணொளிக்கு 35 விழுக்காடும் தருகிறது. வேலைக்காக அனுமதியோடு பறந்தபோது எடுத்த, வாடிக்கையாளர் சம்மதித்த காட்சிகளை ஏற்றி வையுங்கள். இதையே நம்பித் தொடங்க வேண்டாம்.

கருவி

இப்போது டிரோன். முகப்புக்கும் தளத்துக்கும் இயந்திர ஷட்டர் உள்ள, ஒரு கிலோவுக்குள் அடங்கும் மாடல் ஏற்றது. நகர்ந்துகொண்டே எடுக்கும்போது கட்டட விளிம்புகள் வளையாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் அதன் வானொலிக் கருவி இங்குள்ள தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரத்துக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். மாற்று டிரோன் ஒன்று, குறைந்தது ஆறு மின்கலங்கள், பிரகாசமான திரை, குடை. தளத்தில் நிழல் கிடைக்காது, மின்கலமும் கைப்பேசியும் கொதிக்கும். பெட்டியில் 40 நிமிடம் என்று போட்டிருந்தால் 25 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்.

வானிலையைப் பொறுத்தவரை காலை நேரமே நமக்கு. பிற்பகல் இடிமழை எப்போது வேண்டுமானாலும் வரும். தென்மேற்குப் பருவத்தில் அதிகாலையில் சுமத்ராப் புயல்காற்று அடித்தால் காலையும் போய்விடும். ஜோகூரில் வேலை வந்தால் அது மலேசிய விமான ஆணையத்தின் எல்லை, இங்குள்ள அனுமதி அங்கே செல்லாது.

விலையும் ஒப்பந்தமும்

பறக்கும் நேரத்துக்கு விலை வைக்காதீர்கள். இரண்டு மணி நேரப் பறப்புக்குப் பின்னால் அனுமதி விண்ணப்பம், தளப் பார்வை, ஆபத்து மதிப்பீடு, கோப்புகளை அடுக்குதல், அறிக்கை என்று இரண்டு மூன்று நாள் இருக்கிறது. ஆண்டுச் செலவைக் கூட்டுங்கள்: உரிமம், அனுமதிகள், காப்புறுதி, டிரோன் தேய்மானம், மென்பொருள் சந்தா. எடுத்துக்காட்டாக அது 15,000 வெள்ளி, ஆண்டில் 60 வேலை செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலையும் 250 வெள்ளியோடு தொடங்குகிறது, உங்கள் கூலி அதற்கு மேல்தான். யாராவது 200 வெள்ளிக்கு வருகிறார் என்றால் அவர் அனுமதியில்லாமல் பறக்கிறார் அல்லது கணக்குப் போடவில்லை. அவரோடு போட்டியிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் சில விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும். மழையால் தள்ளிப்போனால் மறுதேதிக்குக் கட்டணம் உண்டா, அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பச் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு. பதிப்புரிமையையும் சேருங்கள். 2021 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமானாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை முதல் உரிமை எடுத்தவருக்கே. நீங்கள் ஊழியராக எடுத்தால் மட்டும் அது முதலாளிக்கு. கட்டுமான நிறுவனங்கள் முழு உரிமையையும் கேட்கும். கொடுக்கலாம், ஆனால் விலையோடு கொடுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்தத் தளத்துக்கும் போகாதீர்கள். தனி உரிமையாளர் வரிக் கணக்கை ஏப்ரல் 18க்குள் தாக்கல் செய்ய வேண்டும், பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தனி உரிமையாளரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் செலுத்த வேண்டும்.

முதல் வாடிக்கையாளர்

உரிமம் கிடைத்ததும் உடனே சொந்த நிறுவனம் தொடங்க அவசரப்பட வேண்டாம். ஏற்கெனவே இயக்குநர் அனுமதி வைத்திருக்கும் நிறுவனத்தில் ஓட்டுநராக ஓராண்டு பறந்து பாருங்கள். சம்பளமும் வரும், அனுமதி விண்ணப்பங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதும் தெரியும். பயிற்சிக்குப் பாண்டான் நீர்த்தேக்கத்தில் டிரோனுக்கென்றே ஒதுக்கிய இடம் இருக்கிறது.

சொந்தமாக வேலை தேடும்போது அழகுக் காணொளியை அனுப்பாமல் ஒரு மாதிரி அறிக்கையை அனுப்புங்கள். அதற்குப் பறக்கக்கூட வேண்டாம். சம்மதம் வாங்கி, ஒரு பழைய இரண்டு மாடிக் கடைவீட்டின் சுவரைத் தரையிலிருந்தே டெலி லென்ஸால் பத்தி பத்தியாக எடுத்து, குறைகளைக் குறியிட்டு, எட்டுப் பக்க அறிக்கையாக்கலாம். முதல் பக்கத்தில் ஓட்டுநர் உரிம எண், இயக்குநர் அனுமதி எண், காப்புறுதித் தொகை, உங்கள் தொலைபேசி எண். பொறியாளர் அலுவலகங்களுக்கும் நடுத்தரக் கட்டுமான நிறுவனங்களுக்கும் அதை அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். பேசும்போது விலையை நீங்களாக எடுக்க வேண்டாம். இப்போது முகப்புப் படங்களை யார் எடுக்கிறார்கள், கோப்புகள் எப்படி வருகின்றன, எதில் நேரம் போகிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் குறையைத் தீர்ப்பதாக உங்கள் விலைப்புள்ளி இருக்கட்டும்.